பழம்பட்டினி

கடைசிக் கழுவல் இது, இதோடு சரி, இந்தத் தண்ணீரையும் சாய்த்துவிட்டு ஒளிர்கிற மருந்தை விட்டு இருட்டுப் பெட்டிக்குள் வைத்துப் படம் எடுக்க வேண்டியதுதான், நாலு மணிக்கு என் கைடு மேடம் முன்னால் உட்காருவதற்குள் தெரிந்துவிடும், நான் கெட்டிக்காரியா கேணச்சியா என்று. ராக்கர் ஆடுகிறது. இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு, என்ன அவசரமானாலும் அதே நிதானம், ஆபீஸில் சீல் வைக்கிறவர்கள் மாதிரி. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்குள் கொஞ்சம் சோப்புத் தண்ணீர், தண்ணீருக்குள் உள்ளங்கை அகல வெள்ளைத் தாள் ஒன்று, அப்பளத்தைவிட மெல்லிசு. அந்தத் தாளில் என் நாலு வருஷம் இருக்கிறது. இப்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெறும் வெள்ளை. குனிந்து பார்க்கிறேன், வெள்ளைதான், மறுபடி குனிகிறேன், பைத்தியமே, அது பெட்டிக்குள் போனால்தான் தெரியும், உனக்குத் தெரியாதா. ஏசித் தண்ணீர் பழைய கேனில் சொட்டுகிறது. ஹபீப் அந்த மூலையில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டிருக்கிறார், எனக்கு ஒரு வருஷம் முன்னால் இந்த லேபில் சேர்ந்தவர், பார்க்காத மாதிரி என்னைத்தான் பார்க்கிறார். இந்தப் பாடு எல்லாம் அவரால் வந்தது.

விஷயம் இவ்வளவுதான், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டால்கூட அடையாறு வருவதற்குள் சொல்லிவிடுவேன். ஒரு செல் எந்நேரமும் புரதம் செய்துகொண்டே இருக்கிறது, அதுதான் அதன் பட்டறை, அதுதான் அதன் பிழைப்பு. பசி வந்தால், சூடு வந்தால், குளிர் வந்தால், முதல் வேலையாகப் பட்டறையை இழுத்து மூடும், இருப்பதை வைத்துக் காலம் தள்ளும். எவ்வளவு மூடியது என்று அளப்பதுதான் என் வேலை. அதற்கு ஒரு மருந்து இருக்கிறது, ப்யூரோமைசின், கடைசியில் கொஞ்ச நேரம் மட்டும் அதை உள்ளே விட்டால், அந்த நேரத்தில் உருவாகிக்கொண்டிருக்கிற புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ளும், கல்யாண வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் சந்தனம் வைக்கிற மாதிரி. பிறகு செல்லை உடைத்து, புரதத்தையெல்லாம் இந்தத் தாளில் ஏற்றி, சந்தனத்தை மட்டும் கணக்கெடுத்தால் போதும். படத்தில் அது கறுப்பாக விழும். நல்ல கறுப்பென்றால் பட்டறை ஓடுகிறது, வெளுத்திருந்தால் மூடியாயிற்று. தாளில் மூன்று தடம். முதல் தடம் வயிறாரச் சாப்பிட்ட செல்கள். இரண்டாவது புதுப்பட்டினி, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பசியைப் பார்க்கிறவை. மூன்றாவது பழம்பட்டினி, நேற்றே ஒரு தடவை பட்டினி போட்டு, ராத்திரி முழுக்க ஊட்டித் தேற்றி, இன்று மறுபடி பட்டினி போட்டவை. இந்தப் பெயரெல்லாம் நான் வைத்ததுதான், மேடத்துக்குப் பிடிக்காது, இருந்தாலும் லேபில் எல்லோர் வாயிலும் அதுதான் வருகிறது, மேடம் வாயிலும் ஒரு தடவை வந்துவிட்டது. புதுப்பட்டினி பட்டறையை மூடிவிடும். பழம்பட்டினி மூடாது. கொஞ்சம் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான், மூடாது. செய்த தடவையெல்லாம் அப்படித்தான் வந்தது, முதன்முதலில் பார்த்த அன்றைக்கு இந்த வராண்டாவில் நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து வாட்ச்மேன் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துவிட்டார். அடிபட்ட செல்லுக்கு அடி ஞாபகமிருக்கிறது. அதுதான் என் ஆராய்ச்சி, என் பட்டம், மேடம் டெல்லி மாநாட்டுக்கு அனுப்பப்போகிற ஆய்வுச் சுருக்கத்தின் தலைப்பு, எல்லாம் அந்த மூன்றாவது தடத்தின் கறுப்பில்தான் நிற்கிறது.

நின்றுகொண்டிருந்தது, ஹபீப் வாயைத் திறக்கிற வரைக்கும். கேன்டீனில் வைத்துக் கேட்டார். "குணா, கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கட்டா?" அப்படி ஒருத்தர் ஆரம்பித்தாலே கோபம் வரப்போகிறது என்று அர்த்தம். "பட்டினித் தண்ணிய நீங்க எப்பவும் புதுப்பட்டினிக்குத்தான மொதல்ல ஊத்துறீங்க?" ஆமாம் என்றேன், சத்தில்லாத அந்தத் தண்ணீரை ஊற்றித்தான் பட்டினி போடுவோம், இடமிருந்து வலம், நம்பர் வரிசை, வேறு எப்படி ஊற்றுவார்கள். "நம்ம லேப்ல பாட்டில சூடு பண்ற தண்ணித் தொட்டி ரிப்பேராகி எவ்வளவு காலமாச்சு? எல்லாரும் பாட்டில ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்து நேரா ஊத்துறோம். நீங்க புதுப்பட்டினிக்கு ஊத்திட்டு, பாட்டில இன்குபேட்டர் தலையில வச்சிட்டு, கிளவுஸ் மாத்தி, பேரு எழுதி, அப்புறம் வந்து பழம்பட்டினிக்கு ஊத்துறீங்க. அதுக்குள்ள பாட்டில் வெதுவெதுன்னு ஆயிருது. நான் பாத்துட்டே இருந்தேன்." டீயில் ஆடை கட்டியிருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "உங்க புதுப்பட்டினி பசில நின்னுச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? அதுக்குக் குளிருச்சோ என்னமோ." அவ்வளவுதான் சொன்னார், சொல்லிவிட்டுச் சமோசாவைக் கடித்தார். இன்குபேட்டர், செல் வளர்க்கிற சூட்டுப் பெட்டி, அதன் தலை எப்போதும் சூடாக இருக்கும், இந்த லேபில் எல்லோரும் பாட்டிலை அங்கேதான் வைப்போம், சீனியர்கள் வைத்தார்கள், நாங்களும் வைக்கிறோம், டிபன் பாக்ஸைக்கூட வைக்கிறவர்கள் உண்டு. நாலு வருஷமாக ஒரே கை, ஒரே வரிசை, ஒரே தப்பு, தப்பு ஒழுங்காக நடந்தால் அதுவும் கண்டுபிடிப்பு மாதிரியேதான் இருக்கும். அந்தச் சமோசாவை அவர் நிதானமாகச் சாப்பிட்டு முடித்ததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அதனால் இன்று தலைகீழ். பழம்பட்டினிக்கு முதலில், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லோடு. அப்புறம் பாட்டிலை இன்குபேட்டர் தலையில் வைத்து நன்றாகச் சூடேறவிட்டு, புதுப்பட்டினிக்கு வெதுவெதுவென்று. ஹபீப் சொன்னது சரியென்றால் இன்று படம் புரண்டுவிடும், இரண்டாவது கறுத்து மூன்றாவது வெளுத்துவிடும், நான் நாலு வருஷமாக அளந்தது பாட்டிலின் சூட்டைத்தான் என்று ஆகிவிடும். நான் சொன்னது சரியென்றால் மூன்றாவது தடம் பசியோடு குளிரையும் சேர்த்து வாங்கியும் மூடாமல் நிற்கும். நிற்குமா. நிற்கும். நின்றால் மேடம் மேஜையில் படத்தை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பேன், அவர்களே பார்க்கட்டும். ஒரு நிமிஷம். தலைகீழாகத்தான் ஊற்றினேனா. காலையில் நான் ஊற்றும்போது பக்கத்தில் யாரோ சென்ட்ரிஃப்யூஜ் மெஷினைப் போட்டார்கள், அது வீலென்று அலறியது, நான் திரும்பிப் பார்த்தேன், திரும்பி வந்து எந்தச் செல் பிளேட்டில் கை வைத்தேன். பழக்கம் பொல்லாதது, கை தானாக இடப்பக்கம் போகும், ஊர் மாற்றலான பிறகும் பழைய ஸ்டாப்பில் இறங்குகிறவர்கள் இல்லையா. இடப்பக்கம் புதுப்பட்டினி இருந்தது. இல்லை, நான் பிளேட்டுகளையே இடம் மாற்றி வைத்தேனா, வலப்பக்கத்தை இடப்பக்கத்துக்கு. வைத்தேன். வைத்தேனா. வைக்க வேண்டும் என்று நினைத்தது ஞாபகமிருக்கிறது, வைத்தது ஞாபகமில்லை. நினைத்ததையும் செய்ததையும் மனசு ஒரே பெட்டியில் போட்டு வைத்துவிடுகிறது. பழைய வரிசையிலேயே ஊற்றியிருந்தால் மூன்றாவது கறுப்பாகத்தான் வரும், நான் துள்ளுவேன், மேடம் கைகொடுப்பார்கள், எல்லாம் பொய்யாக இருக்கும். ராக்கர் இந்தப் பக்கம் சாய்கிறது, அந்தப் பக்கம் சாய்கிறது, அதற்கென்ன.

போன் அதிர்கிறது, அம்மா. காலையில் பஸ்ஸில் வரும்போது நான்தான் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டேன், அவள் அப்போது ஏலத்தில் நின்றுகொண்டிருந்தாள், மீனுக்கு விலை கத்துகிற சத்தத்தில் "அப்பறம் கூப்புடுறன்டி" என்று வைத்துவிட்டாள், இப்போது கூப்பிடுகிறாள், கையுறை போட்ட கையோடு எப்படி எடுக்க. அதிர்ந்து அதிர்ந்து மேஜை விளிம்பு வரைக்கும் நகர்ந்து நின்றுவிட்டது. இந்த ஆராய்ச்சி எங்கிருந்து வந்தது என்று உதவித்தொகை நேர்காணலில் கேட்டபோது ஏதோ படித்த கட்டுரையைச் சொன்னேன். கட்டுரையில்லை, அம்மாதான். யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள், அல்லது சிரிக்காமல் இருப்பார்கள், அது இன்னும் மோசம். நாகப்பட்டினம் பக்கம் எங்கள் குப்பம், கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பரில் நான் ஏழாவது படித்தேன். அப்பா கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தார், வலை கிடைத்தது. அம்மா அப்படியே நின்றுபோனாள். அழக்கூட இல்லை. முகாமில் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை, தலை வாரவில்லை, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, தம்பி சேரன் ஆறு மாசக் குழந்தை, அவனுக்குப் பால் நின்றுபோய்விட்டது. மார்பில் வைத்தால் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு வீறிடுவான். அவள் குனிந்துகூடப் பார்க்க மாட்டாள். பக்கத்துப் பாயில் இருந்த இருசாயி அத்தை தன் பிள்ளையோடு சேர்த்து அவனுக்கும் கொடுத்தாள், அவள் கொடுக்காவிட்டால் இன்றைக்கு அவன் பைக்கில் சுற்றிக்கொண்டு என்னிடம் பெட்ரோலுக்குக் கேட்க மாட்டான். பால் எப்படி நிற்கும், இருந்த பால் எங்கே போகும் என்று அந்தப் பாயில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தேன். ரொம்பக் காலம் கழித்து முதுகலை வகுப்பில், செல் பட்டறையை மூடும் என்று போர்டில் படம் போட்டபோது எனக்குப் பால்வாசனை வந்தது, நிஜமாகவே வந்தது, பக்கத்துப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்புறம் கஜா. நான் சென்னைக்கு வந்து இந்த லேபில் சேர்ந்த வருஷம், புயல் எங்கள் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது, படகைத் தூக்கிச் சவுக்குத் தோப்பில் போட்டது. போன் வேலை செய்யவில்லை, பஸ் இல்லை, விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது அம்மா தூணில் சாய்ந்திருப்பாள் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். அவள் நடுத்தெருவில் மூன்று கல் வைத்து, ஈரத் தென்னமட்டை புகைந்து கண்ணெல்லாம் சிவந்து, தெருவுக்கே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் "வந்துட்டியா, அந்த அகப்பய எடு" என்றாள். அகப்பையை எடுத்துக் கொடுத்த அந்த நொடியில் இந்தக் கேள்வி எனக்குள் வந்து உட்கார்ந்தது, ஒரு தடவை நின்றவள் இரண்டாம் தடவை ஏன் நிற்கவில்லை. திரும்பி வந்து அந்தக் கேள்வியைச் செல்லிடம் கேட்டேன், செல் எனக்குப் பிடித்த பதிலைச் சொன்னது, நான் நம்பிவிட்டேன். ஹபீப்பின் சமோசாவுக்குப் பிறகு இன்னொன்றும் தோன்றிவிட்டதே, அதுதான் மோசம். அங்கேயும் அதே தப்புத்தானே. முதலில் வந்தது ஜில்லென்ற அடி, புருஷன் போன அடி. இரண்டாவது கூரை. ஒரு மனுஷனும் ஒரு கூரையும் ஒன்றா. அம்மா உரம் ஏறித் தாங்கவில்லையோ என்னமோ, அடி சின்னதாக இருந்ததால் தாங்கினாளோ என்னமோ. பாட்டில் வெதுவெதுவென்று இருந்திருக்கிறது, அவ்வளவுதானோ. அதைத்தான் பஸ்ஸில் கேட்டேன், நேராகவே கேட்டுவிட்டேன், கஜாவுக்கு நீ ஏன் நிக்கல என்று. அவளுக்கு என்ன புரிந்ததோ.

டைமர் மணி அடித்துவிட்டது, கழுவல் முடிந்தது, தண்ணீரைச் சாய்க்கிறேன். இடுக்கியால் தாளின் ஓரத்தைப் பிடித்துத் தூக்குகிறேன், சொட்டுகிறது, மெதுவாக, மெதுவாக. மருந்துப் பாட்டில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தது, ஜில்லென்று இருக்கிறது, கட்டைவிரலில் சுருக்கென்று, கட்டைவிரல், ஆமாம், கட்டைவிரல். காலையில் இதே விரல் மரத்துப்போனது. மரத்துப்போன விரலோடுதான் பச்சைப் புள்ளி வைத்த பிளேட்டின் மூடியைத் திறந்தேன், மூடி வழுக்கியது, சனியனே என்று வாய்விட்டுச் சொன்னேன், சென்ட்ரிஃப்யூஜ் போட்டவன் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து ஸாரி சொன்னான். பச்சைப் புள்ளி பழம்பட்டினி. நேற்று ஊட்டும்போது நானே பேனாவால் வைத்த புள்ளி. ஜில்லென்ற பாட்டில், பச்சை மூடி, சனியனே, ஸாரி. எல்லாம் ஒரே வரிசையில் இருக்கிறது, யாராலும் பிடுங்க முடியாது. தலைகீழாகத்தான் ஊற்றியிருக்கிறேன். பழம்பட்டினிதான் குளிரை வாங்கியது. சிரிப்பு வருகிறது, தனியாக நின்று சிரிக்கிறேன், ஹபீப் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துவிட்டார், இனிமேல் பார்க்காத மாதிரி நடிப்பதில் பிரயோஜனம் இல்லை. "வாங்க" என்றேன், "சேந்தே பாப்போம்." அவர் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு வந்தார். தாளை மருந்தில் நனைத்து, மேலே பிளாஸ்டிக் போட்டு, குமிழி வராமல் தடவி, பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். மூன்றாவது வெளுத்திருந்தால் அழக் கூடாது, ஹபீப் முன்னால் கூடவே கூடாது, சமோசாக்காரன் முன்னால்.

பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தைச் சேர்க்கும், திரையில் முதலில் வெறும் சாம்பல். சாம்பலில் முதல் தடம் வருகிறது, சாப்பிட்டவை, அவற்றுக்கென்ன, ஜம்மென்று மேலிருந்து கீழே கறுப்பாக இறங்குகிறது. இரண்டாவது. வருகிறதா. வருகிறது. ஐயோ, இத்தனை நாள் இவ்வளவு வந்ததில்லையே, வெளுத்தேதானே இருக்கும், இன்று ஒரு மங்கல் நிழல் இறங்குகிறது, அப்படியானால் ஹபீப் சொன்னது சரி, குளிருக்கும் அதில் பங்கு இருந்திருக்கிறது, காது சூடாகிறது. மூன்றாவது. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. சேர்க்கட்டும், அவசரப்படாதே, இன்னும் ஒரு சுற்று. முதல் தடவையாகச் சாமியைக் கூப்பிடலாமா என்று யோசிக்கிறேன், எந்தச் சாமி இதற்குப் பொறுப்பு. ஓரத்தில் ஒரு கோடு. இன்னொன்று. அப்புறம் மடமடவென்று, மேலே, நடுவில், கீழே, கோடுகோடாக, கறுத்துக்கொண்டே வருகிறது, இரண்டாவதைத் தாண்டிவிட்டது, எங்கேயோ தாண்டிவிட்டது, முதல் தடத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல், பசியும் குளிரும் சேர்ந்து விழுந்தும் பட்டறை ஓடுகிறது, மூடவில்லை, மூடவேயில்லை. என் கை ஹபீப்பின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. "புரத அளவு சரியா? மூணுலயும் ஒரே அளவா ஏத்துனீங்களா?" என்றார். சிவப்புச் சாயம் போட்டுப் பார்த்தேன், மூன்றும் ஒன்றுதான் என்றேன். திரையில் ஒவ்வொரு தடமாக விரலை ஓட்டிப் பார்த்தார். "நின்னுருச்சு" என்றார், "சே, நிக்கலங்க, நிக்கவே இல்ல. குணா, இது நீங்க சொன்னத விடப் பெருசு. பசில பழகுனது குளிரையும் தாங்குது." பிறகு குரலை இறக்கி, "நாளைக்கு நான் ஊத்துறேன். எது எந்தப் பிளேட்டுன்னு என்கிட்ட சொல்லாதீங்க" என்றார். எது எதென்று தெரியாத கை ஊற்றியும் இதே வந்தால் அப்புறம் யாரும் வாயைத் திறக்க முடியாது, அவர் எனக்குச் செய்யக்கூடியதில் இதைவிடப் பெரிய மரியாதை இல்லை. சமோசாவை மன்னித்துவிட்டேன்.

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வராண்டாவுக்கு ஓடி அம்மாவைக் கூப்பிட்டேன், எடுத்தவுடனே, "ஏன்டி எடுக்கல, கேள்வி கேட்டுட்டு ஓடிப்போயிட்டியா?" என்றாள். வேலை என்றேன், மூச்சு வாங்கியது. "கஜாவுக்கு ஏன் நிக்கலன்னு கேட்ட இல்ல. ஏலம் முடிஞ்சி வந்து நெனச்சி பாத்தன்." சொல்லும்மா என்றேன், அப்புறம் என்னையறியாமல், அப்பா போனதைவிட அது சின்னதுதானேம்மா, அதனால்தானே, என்றும் கேட்டுவிட்டேன். "சின்னதுன்னு ஆருடி சொன்னா? அப்ப நீங்க ரெண்டு பேரும் என் மடியில இருந்தீங்க. ஊரே ஒரே கொட்டாயில கெடந்துச்சி. கஜாவுக்கு நீ மெட்ராசுல, அவன் ஆஸ்டல்ல. ராவெல்லாம் நா ஒண்டியா அந்த இருட்டுல கெடந்தன். நீங்க இருக்கீங்களா இல்லியான்னே தெரியல." ஜில்லென்றது எது, வெதுவெதுப்பு எது என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன், இத்தனை வருஷமாக, அவளை ஒரு வார்த்தை கேட்காமல். "அப்பறம் ஏம்மா நிக்கல?" என்றேன். "மொத தடவ நின்னுட்டன்ல," என்றாள் அம்மா, விலை சொல்கிற சாதாரணக் குரலில், "நின்னா எம்புள்ள அடுத்தவ மாருக்குப் போவான்னு பாத்துட்டன்ல. அப்பறம் எப்புடி நிக்கிறது?" உள்ளே ஹபீப் மேடத்தைக் கூட்டிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது, மேடத்தின் குரலில் பழம்பட்டினி என்ற வார்த்தை கேட்டது. நான் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன், கண்ணீர் வந்தது, சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. "அழுவுறியா? என்னாச்சி?" ஒண்ணும் இல்லம்மா, நீ சொன்னதுதான் இங்கயும் வந்திருக்கு என்றேன். அவளுக்கு அது புரியவில்லை, புரிந்துகொள்ள நேரமும் இல்லை. "சரி, ஒல கொதிக்குது, அரிசி போடணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.